வலைப்பதிவை வாசகரிடம் சேர்க்க எந்தத் திரட்டி, எந்தத் தேடுகருவி?

புதிதாக வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் நாலைந்து பதிவுகள் எழுதியவுடன் கேட்கும் முதல் கேள்வி, "இதை எங்கெங்கே பதிந்து வைக்க வேண்டும்?" என்பதுதான். இணையத்தில் தேடினால் வலைத்தளங்களைப் பிரிவு வாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் இலவச டைரக்டரிகளின் நீண்ட பட்டியல்கள் கிடைக்கும். அவற்றை நம்பி ஒரு வார இறுதி முழுவதும் படிவம் நிரப்பிவிட்டு, ஒரு வாசகர்கூட வரவில்லையே என்று சோர்ந்துபோனவர்கள் பலர். நல்ல எழுத்து இப்படி முடங்கிப் போவது வருத்தமான விஷயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுகிறவருக்கு இரண்டு தேடுபொறிக் கருவிகள், ஒழுங்காக வேலை செய்யும் ஓர் ஓடை (புதிய பதிவுகளைத் தானாகவே வெளியே அனுப்பும் ஃபீட்), வாசகர்கள் உண்மையிலேயே வந்துபோகும் சில இடங்கள், இவை போதும். அந்தச் சில இடங்களைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பழைய அறிவுரைகள் ஏன் உதவுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், அடுத்து வந்த தேன்கூடு, தமிழிஷ் என்று தொடங்கிப் பின்னர் இன்ட்லி ஆன தளம் என்று, பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழுக்கே உரிய திரட்டிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. பதிவை வெளியிட்ட சற்று நேரத்தில் அது திரட்டியின் முகப்பில் தெரியும். அங்கிருந்தே வாசகர்களும் மறுமொழிகளும் வருவார்கள், வரும். இன்று அந்த வரிசையில் ஒரு புதியவர் நம்பி இருக்கத்தக்க தளம் இல்லை. உலக அளவிலும் இதே கதைதான். 1994இல் பிறந்த யாகூ டைரக்டரி 2014இன் இறுதியில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் தொகுத்த டைரக்டரியான டிமாஸ் 1998 முதல் 2017 வரை இயங்கி நின்றது. வலைப்பதிவுகளைத் தரவரிசைப்படுத்திய டெக்னோரட்டி அந்த வேலையை 2014இல் கைவிட்டது. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஆகவே ஒரு வழிகாட்டியில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடலாம். அதன் மற்ற அறிவுரைகளும் அந்தக் காலத்தவையாகவே இருக்கும்.

இனி செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்பது பற்றி ஒருவர் வலைப்பதிவு தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

எந்தத் தளத்திலும் பதிவதற்கு முன் உங்கள் வலைப்பதிவின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பிளாகரில் 'தனியுரிமை' என்ற பகுதியில் தேடுபொறிகள் வலைப்பதிவைக் காணலாமா என்று கேட்கும் ஒரு பொத்தான் இருக்கும். அது இயக்கத்தில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் 'வாசிப்பு' அமைப்புகளுக்குள், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. அதில் குறி இருக்கக் கூடாது. தளத்தைக் கட்டும்போது தற்காலிகமாக அந்தக் குறியைப் போட்டுவிட்டு, பின்னர் எடுக்க மறப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது எழுத்து. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரையை அப்படியே ஒட்டினால் தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிடுங்கள். கட்டுரையைப் படமாக்கிப் போடுவதையும் தவிருங்கள்.

மூன்றாவது, பதிவின் இணைய முகவரி. தமிழ்ப் பதிவர்கள் பலரும் கவனிக்காத இடம் இது. பிளாகரில் தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் அது முகவரியில் ஏறுவதில்லை. 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும்தான் வந்து உட்காரும். வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கத்தில் உள்ள நிரந்தர இணைப்புப் பகுதிக்குப் போய், மாடித்தோட்டம், கத்தரி என்பன போன்ற இரண்டு மூன்று முக்கியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி இடையே சிறுகோடு இட்டுவிடுங்கள். வேர்ட்பிரஸ் தமிழை முகவரியில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. முகவரிக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்துகளாக விரியும். 'வழிகாட்டி' என்ற சொல்லில் மெய்க்குறி, உயிர்க்குறிகளையும் சேர்த்து 9 குறிகள் இருக்கின்றன. ஆகவே அது 81 எழுத்துகள் ஆகிவிடும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்கியிருக்கும் இடமோ 200 எழுத்துகள்தான். மூன்று நான்கு சொற்கள் கொண்ட தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான். வாட்ஸ்அப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். வெளியிட்டுப் பரவிவிட்ட பதிவின் முகவரியைப் பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகலாம். எனவே முதல் நாளே இதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, 'என்னைப் பற்றி' பக்கம் ஒன்று எழுதுங்கள். டைரக்டரிகளில் மனிதர்கள் பரிசீலிக்கும்போது எழுதுகிறவர் யார், எதைப் பற்றி எழுதுகிறார் என்பதை அங்கேதான் தேடுவார்கள்.

இரண்டாம் படி: கூகுள் சர்ச் கன்சோல்

ஒரே ஒரு கருவிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். இலவசம். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. வாசகர் எந்தச் சொல்லைத் தட்டி உங்கள் பக்கத்தைக் கண்டார் என்பதை நேரடியாகக் காட்டும் கருவி இது. பிளாகர் கணக்கும் இதுவும் ஒரே ஜிமெயிலில் இருந்தால் உரிமையைச் சரிபார்ப்பது பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும். வேர்ட்பிரஸ் என்றால் கூகுள் தரும் ஒரு சிறு குறிச்சொல்லைத் தளத்தில் ஒட்ட வேண்டும்.

உள்ளே போனதும் சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள். உங்கள் பதிவுகளின் முகவரிகள் அனைத்தையும் தாங்கிய பட்டியல் அது. பிளாகரில் உங்கள் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் 'சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல்' என்பதும் போதும். சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸில் 5.5ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், இந்தப் பட்டியல் தானாகவே உருவாகிறது. அதன் பெயரின் முன்னால் 'டபிள்யூபி' என்றும் ஒரு சிறுகோடும் சேரும். இதற்கென்று தனிச் செருகுநிரல் (பிளக்இன்) தேடி அலைய வேண்டாம்.

பிறகு யூஆர்எல் ஆய்வுப் பெட்டியில் உங்கள் சிறந்த பதிவின் முகவரியை ஒட்டி, கூகுளின் தேடல் அட்டவணையில் சேர்க்கக் கோருங்கள். ஒரே பதிவுக்கு மறுபடி மறுபடி கோரினால் வேகமாக நடக்காது என்று கூகுளே சொல்கிறது. சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். காத்திருக்கும்போது இரண்டு நிலைகள் கண்ணில் படும். 'கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள், பொறுத்திருக்கலாம். 'படிக்கப்பட்டது, சேர்க்கப்படவில்லை' என்றால் வந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அந்தப் பதிவு மிகச் சிறியதா, வேறு இடத்தில் உள்ளதை ஒத்திருக்கிறதா, உங்கள் மற்ற பதிவுகளிலிருந்து அதற்கு ஓர் இணைப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் குறையாக இருக்கும்.

மூன்றாம் படி: பிங்

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். யாகூவின் தேடல் முடிவுகளும், டக்டக்கோ காட்டும் வழக்கமான இணைப்புகளில் பெரும்பகுதியும் பிங்கிலிருந்து வருபவை. ஆக ஓரிடத்தில் பதிந்தாலே மூன்று வாசல்கள் திறக்கின்றன. பிங் வெப்மாஸ்டர் கருவியில் சர்ச் கன்சோலிலிருந்து விவரங்களை அப்படியே இறக்குமதி செய்யும் வசதி உண்டு. ஐந்து நிமிட வேலை. வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் 2021இல் வந்த இண்டெக்ஸ்நௌ என்ற முறைக்கான செருகுநிரலையும் போட்டுக்கொள்ளலாம். புதிய பதிவு வந்ததும் பிங்குக்கு உடனே சொல்லிவிடும்.

'பிங் அனுப்பும்' சேவைகள் என்று பழைய பட்டியல்களில் வருபவை வேறு. அந்தப் 'பிங்' தேடுபொறியின் பெயர் அல்ல, புதிய பதிவு வந்ததைத் தட்டிச் சொல்வதைக் குறிக்கும் சொல். சைட்மேப்பை அப்படித் தட்டிச் சொல்லும் வழியைக் கூகுள் 2023இல் நிறுத்திவிட்டது. அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

நான்காம் படி: வாசகர் எப்படித் தேடுகிறார்?

டைரக்டரியில் எந்தப் பிரிவில் சேர்ப்பது, விவரக்குறிப்பில் என்ன எழுதுவது, பதிவுக்கு என்ன தலைப்பு வைப்பது என்ற மூன்றுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதை டைரக்டரிக்கு முன்பே செய்யுங்கள்.

உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே குறுக்கே வரும். கூகுளில் 'மாடித்தோட்டம்' என்று தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு 'க', 'ம', 'ப' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுங்கள். இருபது நிமிடத்தில் அடுத்த சில மாதங்களுக்கு எழுதும் அளவுக்குத் தலைப்புகள் கையில் இருக்கும். அவை உண்மையான மனிதர்கள் கேட்டவை.

தமிழில் ஒரே பொருளைப் பல வடிவங்களில் தட்டித் தேடுவார்கள். கத்தரிக்காய் என்பார் ஒருவர், கத்திரிக்காய் என்பார் இன்னொருவர். 'மாவுப்பூச்சி', 'மாவுப் பூச்சி', 'மாவு பூச்சி' என்று ஒரே பூச்சிக்கு மூன்று வடிவங்கள். மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். வரும் முடிவுகள் வேறுபட்டால் உங்கள் வாசகரும் பிரிந்து நிற்கிறார் என்று பொருள். தேடுகிறவர் ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறார் என்பதற்காக எழுதுகிறவரும் அதை விட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். பிழையில்லாத தமிழிலேயே எழுதுங்கள். கத்தரி, கத்திரி போல இரண்டும் வழக்கில் உள்ள வடிவங்களை, ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை முதல் பத்தியிலும் இயல்பாக வைக்கலாம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோரும் ஏராளம். நிரந்தர இணைப்பை அப்படி எழுதச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நாட்டை மாற்றிப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். இந்தியாவுக்குப் பார்த்தபின் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். தமிழகத்தார் மாடித்தோட்டம் என்று தேடும் இடத்தில் இலங்கை வாசகர் வீட்டுத்தோட்டம் என்று தேடக்கூடும். அங்கே போதிய தரவு இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். தமிழ்ச் சொற்களுக்கு அப்படி வருவது வழக்கம். பரிந்துரைப் பட்டியலையே நம்புங்கள்.

சர்ச் கன்சோலில் தகவல் சேரச் சேர, அதன் செயல்திறன் அறிக்கை மற்ற எல்லாவற்றையும்விட மேலான கருவியாகிவிடும். 16 மாதத் தகவலை அது வைத்திருக்கும். பலமுறை காட்டப்பட்டும் ஒருவரும் சொடுக்காத சொற்களை முதலில் தேடுங்கள். அந்தச் சொல்லுக்கு விடை உங்கள் பதிவில் இருந்தும் தலைப்பில் அது தெரியவில்லை என்றால், தலைப்பை மாற்றுங்கள். முகவரியைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: டைரக்டரியைச் சோதித்துச் சேருங்கள்

ஒரு டைரக்டரி கண்ணில் பட்டவுடன் படிவத்தைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு வாசகராக உள்ளே போங்கள். உங்கள் துறைப் பிரிவையோ தமிழ்ப் பிரிவையோ திறந்து, அங்குள்ள வலைப்பதிவுகளில் ஐந்தைச் சொடுக்குங்கள். திறக்கின்றனவா? அவற்றில் இந்த ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றனவா? மூன்று செத்த இணைப்புகள் வந்தால் அதைப் பராமரிக்க ஆள் இல்லை என்று முடிவு செய்யலாம்.

அடுத்து, அங்கே பட்டியலிடப்பட்ட ஒரு வலைப்பதிவின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடுங்கள். அந்த டைரக்டரியின் பக்கம் முடிவுகளில் எங்கேயும் வரவில்லை என்றால், தேடுபொறியே அதை மதிக்கவில்லை. பிறகு அதன் விதிகளைப் படியுங்கள். ஆங்கிலப் பதிவுகளை மட்டும் ஏற்பவை உண்டு. அதில் தமிழ்ப் பதிவைச் சேர்ப்பது வீண். பதிலுக்கு உங்கள் பக்கத்தில் அவர்களுடைய பட்டையைப் போடச் சொன்னாலும், பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். உங்கள் வலைப்பதிவின் கடவுச்சொல்லைக் கேட்கும் எதுவும் மோசடி. பதிவை முழுவதுமாக நகலெடுத்துத் தன் பக்கத்திலேயே காட்டும் தளத்துக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் சில வரிகளைக் காட்டிவிட்டு வாசகரை உங்களிடம் அனுப்புவதுதான் திரட்டியின் வேலை.

'ஐந்நூறு டைரக்டரிகளில் நாங்களே பதிந்து தருகிறோம்' என்று மின்னஞ்சல் வரும். தொடக்கத்தில் இருப்பவர்களை ஆசைகாட்டி இழுக்கும் இந்தத் தொழில் எனக்குக் கோபமூட்டுகிறது. கூகுள் 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது குறிவைத்ததே இப்படிக் குவிக்கப்பட்ட இணைப்புகளைத்தான். தரமற்ற டைரக்டரி இணைப்புகள் அதன் எரிதக் (ஸ்பேம்) கொள்கையில் இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பணம் கொடுத்துத் தீங்கை வாங்குவானேன்?

சோதனையில் தேறக்கூடியவற்றுள் டிமாஸின் வழிவந்த கர்லி ஒன்று. தன்னார்வலர்கள் நடத்துவது. உங்கள் பொருளுக்கு மிக நெருக்கமான உட்பிரிவு வரை இறங்கிப் போய், ஒரே ஒரு முறை பரிந்துரையுங்கள். பதில் வர நெடுநாள் ஆகலாம். அங்கிருந்து கூட்டமாக வாசகர் வருவார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

விவரக்குறிப்பை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பல இடங்களில் ஏற்பும் மறுப்பும் அமையும். 'தமிழின் தலைசிறந்த மாடித்தோட்ட வலைப்பதிவு, அனைவரும் தவறாமல் படியுங்கள்' என்று எழுதினால் பரிசீலிப்பவர் அடுத்ததற்குப் போய்விடுவார். 'மதுரை வெயிலில் மொட்டை மாடியில் கத்தரி, தக்காளி, கீரை வளர்க்கும் முறைகள். மண்கலவை, மாவுப்பூச்சிக் கட்டுப்பாடு பற்றிய செய்முறைப் பதிவுகள். வாரம் ஒன்று' என்று எழுதுங்கள். இதே குறிப்பை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் பயன்படும்.

ஆறாம் படி: ஓடையும் பக்கப்பட்டையும்

வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டும் ஓடையைத் தாமாகவே உருவாக்கித் தருகின்றன. ஓடைகளைப் படிக்க உதவும் ஃபீட்லி அல்லது இனோரீடரில் ஒரு கணக்கு தொடங்கி, உங்கள் வலைப்பதிவின் முகவரியை அங்கே தேடுங்கள். உங்கள் பெயரும் அண்மைப் பதிவும் வந்தால் ஓடை நலமாக இருக்கிறது. வராவிட்டால் பிளாகர் அமைப்புகளில் தள ஓடைப் பகுதியைத் திறந்து, 'எதுவுமில்லை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பதிவையும் ஓடையில் விடுவதா, முன்னோட்டம் மட்டுமா என்று கேட்டால், தொடக்கத்தில் முழுவதையும் விடுங்கள் என்பேன். ஓடை வழியே படிக்கிறவர்கள் நிலையான வாசகர்கள். அவர்களை அலைக்கழிக்கக் கூடாது. உங்கள் எழுத்தை அப்படியே நகலெடுக்கும் தளங்கள் தென்பட்டால் அப்போது முன்னோட்டத்துக்கு மாறலாம். மின்னஞ்சல் சந்தாவுக்கு ஃபீட்பர்னரைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளை விட்டுவிடுங்கள். அதன் மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையில் நின்றுவிட்டது.

திரட்டிகள் போன பிறகு தமிழ்ப் பதிவுலகில் அந்த வேலையைச் செய்வது பதிவர்களின் பக்கப்பட்டை (சைட்பார்)தான். பிளாகரில் 'எனது வலைப்பதிவுப் பட்டியல்' என்ற நிரல்பலகை (விட்ஜெட்) உண்டு. அண்மையில் புதுப்பிக்கப்பட்டவை மேலே வரும்படி அமைத்தால், நீங்கள் புதிதாக எழுதும்போதெல்லாம் அந்தப் பதிவரின் பக்கத்தில் உங்கள் தலைப்பு முதலிடத்துக்கு ஏறிவிடும். பல ஆண்டுகளாக எழுதிவரும் பதிவர்களின் பக்கங்களில் இந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய வாசகர்கள் அதைப் பார்த்தே அடுத்த வலைப்பதிவுக்குப் போகிறார்கள். எந்த டைரக்டரியைவிடவும் இதில் இடம்பெறுவது மேல் என்று நான் நம்புகிறேன்.

அதற்குக் குறுக்கு வழி இல்லை. உங்கள் துறையில் எழுதும் பத்துப் பேரைத் தேடி, படித்து, பொருளுள்ள மறுமொழி எழுதுங்கள். மறுமொழியில் உங்கள் இணைப்பை ஒட்டாதீர்கள். உங்கள் பெயரைச் சொடுக்கினாலே அவர் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுவார். உங்களுக்குப் பிடித்த வலைப்பதிவுகளை முதலில் உங்கள் பட்டியலில் சேருங்கள். அங்கிருந்து யாராவது சொடுக்கி வந்தால் அவர்களுடைய வருகைக் கணக்கில் உங்கள் முகவரி தெரியும். அப்படித்தான் பல நட்புகள் தொடங்கியிருக்கின்றன.

கோரா தமிழில் வரும் கேள்விகளுக்கும், முகநூல் மாடித்தோட்டக் குழுக்களில் வரும் ஐயங்களுக்கும் அங்கேயே முழு விடை எழுதிவிட்டு, கூடுதல் விவரம் தேவைப்பட்டால் மட்டும் இணைப்பைக் கொடுங்கள். குழுவின் விதிகளை முன்பே படித்துவிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் சொந்த வலைப்பதிவின் இணைப்பைப் போடாதீர்கள். விளம்பரம் என்று நீக்கப்படும். தேடுபொறிகளைப் பொறுத்தவரையும் அதனால் ஆதாயம் இல்லை, ஏனென்றால் விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகள் 2007 முதல் பின்தொடர வேண்டாம் என்ற குறியுடனேயே இருக்கின்றன.

ஏழாம் படி: கணக்கு வையுங்கள்

ஒரு விரிதாளில் எங்கே பதிந்தீர்கள், எந்தத் தேதியில், எந்த மின்னஞ்சலில், அங்கிருந்து யாராவது வந்தார்களா என்று எழுதி வையுங்கள். தளம் மூடப்படும்போதோ முகவரி மாறும்போதோ இது கைகொடுக்கும். பிளாகரின் புள்ளிவிவரப் பகுதியில் வாசகர்கள் வந்த வழி தெரியும். அங்கே பெயரே கேள்விப்படாத தளங்களிலிருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் வருகை காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள், சொடுக்கவும் செய்யாதீர்கள். உங்களைத் தங்கள் பக்கத்துக்கு இழுப்பதற்காக எந்திரங்கள் விட்டுச்செல்லும் போலித் தடங்கள் அவை. உண்மையான வருகையைச் சர்ச் கன்சோலின் சொடுக்கு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த விரிதாளைத் திறந்து, ஒரு வாசகரைக்கூட அனுப்பாத இடங்களைக் கோடிட்டுவிட்டு, அனுப்பிய இடங்களில் உங்கள் விவரக்குறிப்பைப் புதுப்பியுங்கள். புதிய டைரக்டரி ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், ஐந்தாம் படியில் சொன்ன சோதனையை முடித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சேருங்கள். அப்போதுதான் வாசகர் எங்கிருந்து வந்தார் என்று தெளிவாகத் தெரியும்.